வாத்து ஏன் துரத்துகிறது? கனடா வாத்து, அன்னம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோவின் வடக்கு எல்லையில் இருக்கும் மில்லிக்கன் பூங்காக் குளத்தைச் சுற்றிப் பல வருடங்களாகக் காலையில் நடந்து வருகிறேன். கழுத்தில் தொலைநோக்கி தொங்குவதால் என்னைப் பூங்கா ஊழியர் என்று எண்ணி நிறுத்திக் கேட்பவர்கள் உண்டு. ஊரிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்த பெரியவர்கள், தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்த மாணவர்கள், கோடையில் இங்கு வரும் இலண்டன் உறவினர்கள் என்று கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே எழுதி, நான் சொல்லும் பதில்களைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

"இது தாராவா, வாத்தா, அன்னமா? எல்லாம் ஒண்டுதானே?"

மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பறவைகள்தாம்; ஆனால் மனிதரைக் கண்டதும் நடந்துகொள்ளும் முறையில் பெரிய வேறுபாடு உண்டு. ரொறன்ரோவின் புல்வெளிகளில் நாம் தினமும் காண்பது, ஆங்கிலத்தில் கனடா கூஸ் எனப்படும் கனடா வாத்து. கரிய தலையும் கரிய நீண்ட கழுத்தும், தாடையைச் சுற்றிக் கட்டிய துணி போன்ற வெள்ளைப் பட்டையும் அதன் அடையாளங்கள். எடை மூன்று முதல் ஆறு கிலோ வரை இருக்கும். இறக்கையை விரித்தால் ஒன்றரை மீட்டர் அளவுக்கு வரும். அன்னம் அதைப்போல் இரு மடங்கு கனமானது.

ஊரில் நாம் தாரா என்று அழைக்கும், ஆங்கிலத்தில் டக் எனப்படும் சிறிய வகைகளில், பெண் அடைகாக்கத் தொடங்கியதும் ஆண் பெரும்பாலும் விலகிப் போய்விடும். வாத்திலும் அன்னத்திலும் அப்படியல்ல. இணை பல ஆண்டுகள் பிரியாமல் இருக்கும். பெண் முட்டையின்மேல் இருக்கும்போது ஆண் காவலுக்கு நிற்கும். தாரா யாரையும் துரத்தாமலிருப்பதற்கும் வாத்து துரத்துவதற்கும் அடிப்படையான காரணம் இந்தக் குடும்ப அமைப்புத்தான்.

"நான் பேசாமல் நடந்துதான் போனேன். ஏன் என்னைக் கலைச்சது?"

நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை வாத்து கணக்கில் எடுப்பதில்லை. எவ்வளவு அருகில் வந்தீர்கள் என்பதை மட்டுமே எடுக்கிறது. பெண் வாத்து ஐந்து ஆறு முட்டைகளை இட்டு, 25 முதல் 28 நாட்கள் வரை அடைகாக்கும். அந்த நாட்களில் அது உணவுக்காகக் கூட அதிக நேரம் எழுந்து போவதில்லை. நரைத்த புல்லுக்குள் தலையைத் தாழ்த்திப் படுத்துவிட்டால், மூன்று அடி தூரத்திலிருந்தும் அதைக் காண்பது கடினம்.

ஆண் வாத்து கூட்டுக்குப் பக்கத்தில் நிற்காமல் சற்று விலகி, நான்கு திசையும் தெரியும் இடத்தில் நிற்கும். ஆகவே கூடு உங்கள் கண்ணில் படாது; காரணமே இல்லாமல் ஒரு வாத்து உங்கள்மேல் பாய்வதுபோல் தோன்றும். உண்மையில், கூட்டைச் சுற்றி அது மனத்தில் போட்டு வைத்திருக்கும் எல்லையை நீங்கள் அறியாமல் தாண்டியிருக்கிறீர்கள். இதைக் கோபம் என்று சொல்வதைவிட ஒரு தூரக் கணக்கு என்று சொல்வதே பொருத்தம் என்பது என் எண்ணம். கீழே வரும் பல பதில்களும் இந்தக் கணக்கைத்தான் சுற்றி வருகின்றன.

"எந்த மாசத்தில கவனமாய் இருக்கோணும்? குளிருக்குள்ள ஒண்டும் செய்யேல்லையே."

தென் ஒன்ராறியோவில் மார்ச் மாதம் பனி உருகும்போது இணைகள் இடம் பிடிக்கத் தொடங்கும்; அப்போதைய சண்டைகள் பெரும்பாலும் வாத்துக்கும் வாத்துக்கும் இடையில்தான். ஏப்ரல் முழுவதும் கூட்டுக் காலம். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் குஞ்சுகள் பொரிக்கும். பொரித்த ஒரு நாளுக்குள் அவை கூட்டை விட்டு இறங்கி நடக்கத் தொடங்குவதால், அதுவரை ஓரிடத்தில் நிலையாக இருந்த எல்லை, குஞ்சுகளோடு சேர்ந்து பூங்கா முழுவதும் நகர ஆரம்பிக்கும். நேற்று பாதுகாப்பாக இருந்த வாங்கில் இன்று உட்கார முடியாமல் போவது இதனால்தான்.

ஜூன் நடுவிலிருந்து ஜூலை வரை வளர்ந்த வாத்துகளின் பறக்கும் இறகுகள் எல்லாம் ஒரேயடியாக உதிர்ந்து புதிதாக முளைக்கும். நான்கைந்து வாரங்களுக்கு அவற்றால் பறக்க முடியாது. ஓகஸ்ட் வந்ததும் குஞ்சுகளும் பறக்கப் பழகிவிடும். அதன்பின் அதே வாத்து உங்கள் காலுக்குப் பக்கத்தில் புல் மேய்ந்துகொண்டு போகும், நிமிர்ந்துகூடப் பார்க்காது.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இதை ஓர் உதாரணத்தோடு சொல்வேன். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வரும் வரித்தலை வாத்துகள் யாரையும் துரத்தியதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அவை திபெத்திலும் மங்கோலியாவிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, காக்க வேண்டிய கூடு எதுவும் இல்லாத நிலையில் அங்கு வருகின்றன. ஆள் நெருங்கினால் எழுந்து பறந்துவிடும்.

"தலையை மேலும் கீழும் ஆட்டுச்சு. அது வணக்கம் சொல்லுதுன்னு நெனச்சு நானும் தலையாட்டினேன்."

இதைச் சொன்ன மாணவருக்கு அன்று முழங்காலில் ஓர் அடி கிடைத்தது. கழுத்தை மேலும் கீழும் விரைவாக ஏற்றி இறக்குவது எச்சரிக்கை. அடுத்த படியில் கழுத்தைத் தாழ்த்தி, தரைக்கு இணையாக உங்களை நோக்கி நீட்டும், வாயைத் திறக்கும், நாக்கு வெளியே தெரியும், பாம்பு சீறுவதுபோல் சத்தம் வரும். பின்னர்தான் ஓட்டம். இறுதியில், மிகவும் நெருங்கிவிட்டால், இறக்கையின் மடிப்பில் இருக்கும் எலும்பு முண்டால் அடிக்கும். பெரும்பாலான சந்திப்புகள் சீறலோடு முடிந்துவிடுவதற்குக் காரணம், உண்மையான சண்டை வாத்துக்கும் ஆபத்தானது என்பதே.

தலையைப் பக்கவாட்டில் வெடுக்கென்று உதறி, தாடையின் வெள்ளையைப் பளிச்சென்று காட்டினால் அதன் பொருள் வேறு. பறக்கப் போகிறேன் என்று தன் கூட்டத்துக்கு அது சொல்லும் செய்தி அது. உங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"கலைச்சுக்கொண்டு வந்தால் ஓடுறதா, நிக்கிறதா?"

இரண்டும் வேண்டாம். வாத்தை நேராகப் பார்த்தபடி, உடலை அதன் பக்கம் திருப்பியே வைத்துக்கொண்டு, பக்கவாட்டாகவோ பின்பக்கமாகவோ மெதுவாக விலகுங்கள். முதுகைக் காட்டி ஓடினால் அது இன்னும் கொஞ்ச தூரம் வரும். அதைவிட முக்கியம், நீங்கள் விழுவீர்கள். வாத்தினால் ஏற்படும் பெரிய காயங்களில் பல, வாத்து தொட்டதால் வந்தவை அல்ல. தடுக்கி விழுந்ததால் வந்தவை. அறுபதைத் தாண்டியவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: கன்றிப்போன தோல் ஒரு வாரத்தில் ஆறிவிடும், இடுப்பெலும்பு முறிந்தால் அப்படியல்ல.

கையில் பையோ குடையோ இருந்தால் உங்களுக்கும் அதற்கும் நடுவில் பிடித்துக்கொள்ளலாம். குடையைத் திடீரென்று விரிப்பது சில வேளை பயன் தரும். அடிக்கக் கூடாது, உதைக்கக் கூடாது, கத்துவதாலும் பயனில்லை. சிறு பிள்ளைகள் இருந்தால் முதலில் தூக்கிக்கொள்ளுங்கள், ஏனெனில் நீட்டிய கழுத்தின் உயரமும் அவர்களின் முகத்தின் உயரமும் ஏறக்குறைய ஒன்று. நாயைக் கயிற்றில் குறுக்கிப் பிடியுங்கள். வாத்தின் கண்ணில் நாய் என்பது நரியின் உறவு.

"நான் விலகின உடனே திரும்பிப் போய், சோடியோட சேர்ந்து பெரிய சத்தம். எங்களைப் பகிடி பண்ணுதோ?"

ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் பார்வையாளர் நீங்கள் அல்ல. எதிரியைத் துரத்திய ஆண் வாத்து பெண்ணிடம் ஓடி வந்து, கழுத்தை நீட்டி உரக்கக் கத்தும். பெண்ணும் சேர்ந்து கத்தும். குஞ்சுகள் இருந்தால் அவையும் தங்கள் சிறு கழுத்துகளை நீட்டும். பறவை நடத்தை ஆராய்ந்தவர்கள் இதை வெற்றிச் சடங்கு என்றே அழைக்கிறார்கள். ஆஸ்திரியாவின் கொன்ராட் லோரன்ஸ் சாம்பல் வாத்துகளோடு வாழ்ந்து இதை விரிவாக எழுதினார். விலங்கு நடத்தை ஆய்வுக்காக 1973இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். இணையின் பிணைப்பை இறுக்குவதில் இச்சடங்குக்குப் பங்குண்டு. அதாவது, நீங்கள் பயந்து விலகியது ஒரு குடும்பத்தின் ஒற்றுமைக்கு உதவியிருக்கிறது.

"வாய்க்குள்ள பல் மாதிரித் தெரியுதே. கடிச்சா நாய்க்கடிக்குப் போடுற ஊசி போடணுமா?"

அவை பற்கள் அல்ல. புல்லை அறுத்து மேய்வதற்காக அலகின் ஓரத்திலும் நாக்கின் ஓரத்திலும் அமைந்த இரம்பப் பல் போன்ற விளிம்புகள். அழுத்திப் பிடித்துத் திருகினால் தோல் கன்றும், சில வேளை கீறலும் விழும். விஷம் எதுவும் இல்லை.

விசர்நாய்க்கடி நோய் பாலூட்டிகளைத் தாக்குவது. பறவை கடித்ததற்காக அந்த ஊசி தேவையில்லை. தோல் கிழிந்திருந்தால் சவர்க்காரமும் தண்ணீரும் போட்டு நன்றாகக் கழுவி, ஏற்புவலி (டெட்டனஸ்) ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லிக் கேளுங்கள்.

"இவ்ளோ பெரிய நாட்டுல எடமா இல்ல? காலேஜ் கார் பார்க்கிங்ல வந்து ஏன் கூடு கட்டுது?"

வாத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது அருமையான இடம். நடுவில் மண் நிரப்பிய திட்டு, சுற்றிலும் மறைப்பில்லாத வெளி, நரியோ கயோட்டியோ வந்தால் தூரத்திலேயே தெரிந்துவிடும். பக்கத்தில் உரமிட்டு ஒட்ட வெட்டிய இளம் புல். வாத்துக்கு அதைவிடப் பிடித்த உணவு அரிது. கூடவே ஒரு மழைநீர்க் குளம். நாம் நமக்காக அமைத்த புறநகர், தற்செயலாக வாத்துக்குப் பொருத்தமாக அமைந்துவிட்டது. மேலும், பெண் வாத்து தான் பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே கூடு கட்டத் திரும்பி வரும் இயல்புடையது. ஆகவே வாகனத் தரிப்பிடத்தில் பொரித்த குஞ்சு, இரண்டு மூன்று வருடங்களில் தாயாகி அதே தரிப்பிடத்துக்கு வருவதில் வியப்பில்லை.

வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் வசந்தந்தோறும், வளாகத்தில் எந்த வாசலில் எந்த மரத்தடியில் கூடு இருக்கிறது என்று காட்டும் இணைய வரைபடம் ஒன்றை வெளியிடுகிறார்கள். அங்கு படிக்கும் நம் பிள்ளைகள் வகுப்புக்குப் போகும் வழியை அதைப் பார்த்து மாற்றிக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். கூட்டை அகற்றாமல் தன் வழியை மாற்றிக்கொள்வது எனக்கு மிகவும் பிடித்த தீர்வு.

"எங்கட காரின்ர கதவை நாள் முழுக்கக் கொத்துது. விசர் பிடிச்சிட்டுதோ?"

பளபளப்பான கதவில் தன் உருவத்தைக் கண்டு, தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் வந்துவிட்டது என்று நினைக்கிறது. கண்ணாடிச் சுவருள்ள கட்டடங்களிலும் இதைக் காணலாம். அந்தப் பக்கத்தை ஒரு பழைய போர்வையால் மூடிவிடுங்கள். எதிரி போய்விட்டான் என்று அதுவும் போய்விடும்.

"இவரை ஒண்டும் செய்யாது. என்னைக் கண்டால் மட்டும் ஓடி வருது. ஆள் பார்த்துத்தான் கலைக்குமோ?"

இதைக் கேட்ட அம்மாவுடன் மூன்று காலைகள் சேர்ந்து நடந்து பார்த்தேன். அவர் தினமும் ஏழு மணிக்குக் குளத்தின் ஒரு முனையில், அலரிபோல் அடர்ந்த ஒரு புதரை ஒட்டி வருவார், வாத்து சீறும், அவர் பதறிப் புல்வெளிக்குள் இறங்கி ஓடுவார். கணவர் பாதையின் மறு ஓரத்தில் கையைப் பின்னால் கட்டியபடி நிமிர்ந்து பார்க்காமல் போய்விடுவார். புதருக்கும் அந்த அம்மாவுக்கும் இருந்த இடைவெளி நான்கு மீட்டர், கணவருக்கு ஒன்பது.

தூரக் கணக்கு என்று முன்பு சொன்னதோடு இங்கே இன்னொன்றும் சேர்கிறது. வாத்து சீறுகிறது, ஆள் ஓடுகிறார். அதன் அனுபவத்தில் சீறல் பலித்துவிட்டது. அடுத்த நாள் இன்னும் முன்கூட்டியே சீறும். தபால்காரர் வந்துவிட்டுத் தன் வேலை முடிந்து திரும்பிப் போக, தான் குரைத்ததால்தான் போனார் என்று நாய் எண்ணிக்கொள்வதைப் போன்றது இது. நான்காம் நாள் அந்த அம்மாவைப் பாதையின் மறு ஓரத்தால், ஓடாமல் நடக்கச் சொன்னேன். ஆண் வாத்து கழுத்தை நிமிர்த்திப் பார்த்தது, அவ்வளவுதான்.

"நாலு துண்டு பாண் போட்டால் பழகீடாதோ?"

பழகும், அதுதான் பிரச்சினை. வாத்து காக்கும் தூரம் ஒன்று, மனிதருக்குப் பயந்து விலகும் தூரம் ஒன்று என இரண்டு உண்டு. பாண் போடும்போது இரண்டாவது மட்டும் சுருங்குகிறது. ஏப்ரல் வந்ததும் முதலாவது பழையபடி விரிகிறது. பயம் போன பறவை, காக்க வேண்டிய கூடும் இருந்தால், பயமுள்ள பறவையைவிட முரட்டுத்தனமாகவே நடக்கும். கையில் ஒன்றும் இல்லாமல் வரும் அடுத்த மனிதரின் பையைக் கொத்திப் பார்ப்பதும் இப்படித் தொடங்கியதுதான். ரொறன்ரோ நகரப் பூங்காக்களில் காட்டு விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் உணவு போடுவது விதிப்படி தடை. பசித்த உயிருக்கு உணவு போடுவது புண்ணியம் என்று வளர்ந்தவர்களிடம் இதைச் சொல்வது எனக்கு எப்போதும் சங்கடமாக இருக்கும். ஆனாலும் புல்வெளியில் நிற்கும் வாத்து பசித்த உயிர் அல்ல, அது தன் சோற்றின் மேலேயே நிற்கிறது.

"முட்டையைத் தூக்கி எறிஞ்சால் எல்லாம் முடிஞ்சுதே?"

குற்றமாகும். கனடாவின் 1994ஆம் ஆண்டு வலசைப் பறவைகள் சட்டப்படி, அனுமதிப் பத்திரம் இல்லாமல் கூட்டையோ முட்டையையோ தொடக் கூடாது. அதன் வேர் 1916இல் அமெரிக்காவோடு செய்த உடன்படிக்கையில் இருக்கிறது. சட்டம் ஒரு புறம் இருக்க, முட்டை போய்விட்டது என்று கண்டால் பெண் வாத்து மறுபடி இடக்கூடும். அனுமதி பெற்றவர்கள் முட்டையை எடுப்பதில்லை. ஓட்டின்மேல் எண்ணெய் பூசி அதே இடத்தில் வைத்துவிடுகிறார்கள். ஓட்டின் நுண்துளைகள் அடைபட்டுக் கரு வளராது. தாய் தொடர்ந்து அடைகாக்கும்.

"இவ்வளவு பெருகவிட்டது யார்?" என்று அடுத்ததாகக் கேட்பார்கள். நாம்தான். நகரங்களில் வாழும் இந்தப் பெரிய வகை வேட்டையால் அற்றுப்போய்விட்டது என்றே ஒரு காலத்தில் கருதப்பட்டது. 1962இல் மினசோட்டா மாநிலத்து ரொசெஸ்டர் நகர ஏரி ஒன்றில் எஞ்சியிருந்த கூட்டத்தை ஹரோல்ட் ஹான்சன் என்ற உயிரியலாளர் அடையாளம் கண்டார். அதன்பின் அமெரிக்காவிலும் தென் ஒன்ராறியோவிலும் இதை வளர்த்து மீண்டும் விட்டார்கள். திட்டம் எதிர்பார்த்ததற்கும் மேலாகவே வெற்றி பெற்றது.

"அன்னம் எண்டால் சாதுவான பறவை எண்டுதானே படிச்சனாங்கள்?"

நளனுக்காகத் தமயந்தியிடம் தூது போன அன்னத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஒன்ராறியோ ஏரிக்கரைக்குப் போகக் கூடாது. இங்கே கரையோரத்தில் இரண்டு வகை அன்னங்களைப் பார்க்கலாம். செம்மஞ்சள் அலகும் அது நெற்றியோடு சேரும் இடத்தில் கரிய முண்டும் உள்ளது மியூட் ஸ்வான் எனப்படும் ஐரோப்பிய அன்னம். பெரிய தோட்டக் குளங்களுக்கு அழகாக இருக்கட்டும் என்று கொண்டுவரப்பட்டது. முழுக்கக் கரிய அலகுள்ளது இந்த மண்ணுக்குரிய எக்காள அன்னம். 1886இல் ஈரி ஏரிக்கரையில் கடைசிப் பறவை சுடப்பட்டதோடு ஒன்ராறியோவில் அது இல்லாமல் போயிற்று. ஹரி லம்ஸ்டன் என்ற உயிரியலாளர் 1982இல் தொடங்கிய முயற்சியால் திரும்பி வந்தது. பிளஃபர்ஸ் பூங்காவில் குளிர்காலத்தில் இறக்கையில் மஞ்சள் அட்டை தாங்கிய அன்னம் ஒன்றைக் கண்டால் அது இந்த வகை.

அதிகம் மிரட்டுவது ஐரோப்பிய அன்னம். இறக்கைகளை முதுகின்மேல் பாய்மரம்போல் உயர்த்தி, கழுத்தைப் பின்னுக்கு இழுத்து, இரு கால்களையும் ஒரே நேரத்தில் உந்தித் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வரும். வாழ்த்து மடல்களில் அழகுக்காக அச்சிடும் அதே தோற்றம்தான் அது. பலருக்கு அது மிரட்டல் என்பதே தெரியாது. சிறு படகில் போகிறவர்கள் குஞ்சுகளுக்கும் பெற்றோருக்கும் நடுவில் நுழையாமல், கூடிருக்கும் நாணற்கரையை விட்டு அகன்று போக வேண்டும்.

"அன்னம் செட்டையால அடிச்சால் கை முறியுமாமே? ஆரும் செத்திருக்கினமோ?"

கை முறியும் கதையை இலண்டனிலிருந்து வருகிறவர்கள்தாம் அதிகம் சொல்வார்கள். பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள ஆண் அன்னத்தின் அடி பலமாகவே வலிக்கும். ஆனால் பறப்பதற்காக உள்ளீடற்று இலேசாக அமைந்த எலும்புகள் அதனுடையவை, ஆரோக்கியமான மனிதக் கையை முறிப்பது எளிதல்ல. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் படகோட்டிகளை விடாமல் தாக்கிய அன்னம் ஒன்றுக்கு, பொது இடத்தில் தொல்லை தருபவர்களுக்கு எதிரான நீதிமன்ற ஆணையின் பெயரால் மிஸ்டர் ஆஸ்போ என்று பட்டம் சூட்டினார்கள். கடைசியில் 2012இல் அதை வேறிடத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள்.

உயிர் போனதும் உண்டு. அதே 2012 ஏப்ரலில் சிகாகோவுக்குப் பக்கத்தில், குடியிருப்புக் குளமொன்றில் கயாக்கில் போனவரை அன்னம் தாக்க, படகு கவிழ்ந்து அவர் மூழ்கி இறந்தார். கனடா வாத்துகளை விரட்டுவதற்காக அங்கே விடப்பட்டிருந்த அன்னங்களைப் பராமரிப்பதே அவருடைய வேலை. விழுவதுதான் ஆபத்து என்று முன்பு சொன்னேன். தண்ணீரில் அது பல மடங்காகிறது.

"குஞ்சிலிருந்தே கையால வளர்த்தால் சாதுவாகுமா? ஊர்ப் பண்ணையில வச்சிருக்காங்களே."

முட்டையிலிருந்து வெளியே வந்த குஞ்சு, முதலில் காணும் நகரும் உருவத்தைத் தாயாக மனத்தில் பதித்துக்கொள்ளும். லோரன்ஸின் பின்னால் வாத்துக் குஞ்சுகள் வரிசையாக நடந்தது இதனால்தான். குஞ்சாக இருக்கும்வரை அது இனிமையாக இருக்கும். ஆணாக வளர்ந்தபின், மனிதரைத் தன் இனம் என்று எண்ணும் பறவை மனிதரையே போட்டியாளராகவும் எண்ணத் தொடங்கும்.

பண்ணை வாத்துகள் வேறு. பல தலைமுறையாக மனிதரோடு வாழ்பவை. அவையும் அன்னியரைக் கண்டால் ஊரைக் கூட்டும் என்பதால்தான் காவலுக்கு வளர்க்கிறார்கள். ஸ்கொட்லாந்தின் டம்பார்ட்டனில் பாலன்டைன்ஸ் விஸ்கிக் கிடங்குகளை 1959 முதல் 2012 வரை வெள்ளை வாத்துக் கூட்டம் ஒன்று காத்து வந்தது.

"ஒரு குஞ்சு தனியாய்க் கத்திக்கொண்டு நிக்குது. தூக்கிக்கொண்டு போய்த் தாயிட்ட விடலாமோ?"

முதலில் பத்துப் பதினைந்து நிமிடம் தூரத்தில் நின்று பாருங்கள். பெற்றோர் நாணலுக்குப் பின்னால் இருக்கக்கூடும், நீங்கள் நிற்பதாலேயே வராமல் இருக்கவும் கூடும். கனடா வாத்துகள் பல குடும்பத்துக் குஞ்சுகளை ஒன்றாகச் சேர்த்து மேய்ப்பதும், ஒத்த வயதுள்ள பிறர் குஞ்சை ஏற்றுக்கொள்வதும் வழக்கம் என்பதால், வழி தவறிய குஞ்சுக்குப் பெரும்பாலும் ஒரு குடும்பம் கிடைத்துவிடும். காட்டு வாத்துக் குஞ்சை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருப்பதும் முன்பு சொன்ன சட்டத்தின்படி தவறு.

குஞ்சு மழைநீர் வடிகாலில் விழுந்திருந்தாலோ, காயம்பட்டிருந்தாலோ ரொறன்ரோ வனவிலங்கு மையம் போன்ற மீட்பு நிலையத்தை அழையுங்கள். தலை சாய்ந்து தள்ளாடும் பறவையையும் இறந்த பறவையையும் வெறுங்கையால் தொடாதீர்கள்; 2021இன் பிற்பகுதியிலிருந்து பறவைக் காய்ச்சல் கனடாவின் காட்டுப் பறவைகளிடையே பரவி வருகிறது. யாரையாவது அழைத்துவிட்டுக் காத்திருக்கும்போது, பெற்றோர் வரக்கூடிய தண்ணீர்ப் பக்கத்தை மறிக்காமல், பாதையின் பக்கமாக நின்றுகொள்ளுங்கள்.